நள்ளிரவில் ஆடிய கட்டில்

2005 மார்ச் 29, நள்ளிரவு கடந்து சில நிமிடங்கள். முழங்கால் வலிக்குக் கோடாலித் தைலம் தேய்த்து அப்போதுதான் கண்ணயர்ந்தேன். கட்டில் ஊஞ்சலாய் ஆடியது. தலைசுற்றல் என்றெண்ணினேன், தொங்கும் விளக்கும் ஆடக் கண்டு துணுக்குற்றேன்.

சுமத்ராவுக்கு மேற்கே, நியாஸ் தீவருகே 8.6 அளவில் நிலநடுக்கம்! தொலைதூர அதிர்வு உயர்ந்த மாடிகளைத்தான் அதிகம் ஆட்டும். வீராசாமி சாலையில் எங்கள் வீடு பத்தாவது மாடி.

அம்மாவின் படத்தை மார்போடணைத்து, பேரப்பிள்ளையின் கைபிடித்துப் படியிறங்கினேன். ஒவ்வொரு படியிலும் உயிர் போனது. பிள்ளை பயந்துவிடுவானே என்று முனகவில்லை.

ஜொகூர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய அம்மாவுக்கும் இதே வலிதான். லயத்து ஒற்றையறையில் அவர் முனகி நாங்கள் கேட்டதேயில்லை. காரணம் அன்றுதான் புரிந்தது.

உங்கள் வீட்டிலும் முனகாத அம்மா இருப்பார். இன்றிரவே கேளுங்கள்: "கால் வலிக்குதாம்மா?"