மேசாக்களின் நாட்டில் – 4: பூச்சுக்குள் ஒளிந்த சுவர்

சாக்கோ பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில் கடைசி இருபது கிலோமீட்டர் மண்சாலைதான். வரிவரியாக மேடு தட்டிப்போன அந்தச் சாலையில் எங்கள் வண்டி உடுக்கை போல அதிர்ந்துகொண்டே போனது. உள்ளே பெட்ரோல் பங்கும் இல்லை, சாப்பாட்டுக் கடையும் இல்லை என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ரொட்டியும் ஆப்பிளும் பின்சீட்டில் உருண்டன. நியூ மெக்சிகோவின் வடமேற்கு மூலை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர் உயரம். அக்டோபர் காலையிலும் காது சிலிர்த்தது.

செம்மஞ்சள் நிறப் பாறைச் சுவரின் அடியில், அரைவட்டமாகக் கிடந்தது புவெப்லோ பொனிட்டோ. ஸ்பானிய மொழியில் 'அழகிய ஊர்' என்று பொருள். ஆனால் ஊர் முழுவதும் ஒரே கட்டடம். கி.பி. 850 வாக்கில் தொடங்கி ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் இடித்தும் கூட்டியும் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். 600-க்கும் மேற்பட்ட அறைகள், பின்பக்கத்தில் நான்கு மாடிகள். முற்றத்தில் கிணறுபோல் வட்டமாகத் தரைக்குள் இறங்கும் சடங்குக் கூடங்கள். அவற்றைக் கீவா என்கிறார்கள்.

நான் சுவரிடம்தான் போய் நின்றேன். கையளவுப் பாளக்கற்கள் ஒரு வரிசை, அதன்மேல் விரல் கனமுள்ள தகட்டுக்கற்கள் நாலைந்து வரிசை, மறுபடியும் பாளக்கல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த சந்துகளில் நகமளவுச் சில்லுகளை வைத்து இறுக்கியிருந்தார்கள். நெய்த துணியின் கரை போலிருந்தது. இரண்டு முகத்திலும் இப்படி நேர்த்தியான கல்; நடுவில் மண்ணும் உடைகல்லும் போட்ட நிரப்பு. கீழ்த்தளத்தில் சுமார் ஒரு மீட்டர் கனமாக இருக்கும் சுவர், மாடிக்கு மாடி ஒடுங்கிப் போகிறது. இரும்பு கிடையாது, கல்லைக் கல்லால்தான் கொத்தினார்கள்.

அங்கிருந்த விளக்கப் பலகையைப் படித்ததும் நகர முடியவில்லை. கட்டி முடித்த சுவர்களின் மேல் மண்சாந்து பூசிவிட்டார்களாம். நான் அரைமணி நேரமாக வியந்துகொண்டிருந்த வேலைப்பாடு, கட்டியவர்களின் காலத்தில் கண்ணுக்கே தெரிந்திருக்காது. மழையும் காற்றும் பூச்சைக் கரைத்த பிறகுதான் அது வெளியே வந்திருக்கிறது. மறையப்போகும் கல்லை எதற்காக இவ்வளவு பொறுமையாக அடுக்கினார்கள்? சுவர் உறுதியாக நிற்க அது தேவை என்பார் ஒரு கொத்தனார். எனக்கு அது போதவில்லை. உறுதிக்கு இவ்வளவு அழகு வேண்டியதில்லை. அடுக்குவதே ஒரு வழிபாடாக இருந்திருக்கும் என்றுதான் என் மனம் சொல்கிறது.

சுவர்களில் உத்திரத்தின் முனைகள் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பள்ளத்தாக்கில் பெரிய மரமே இல்லை. சுனி மலைகளிலிருந்தும் சுஸ்கா மலைகளிலிருந்தும் எழுபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் தூக்கி வந்த மரங்கள் இவை. வண்டிச் சக்கரமும் இல்லை, பொதி சுமக்க மாடோ குதிரையோ இல்லை, தோள்தான். அந்த மரங்களின் வளையங்களைப் படித்துத்தான் ஆய்வாளர் ஏ.இ. டக்ளஸ் 1929-இல் இந்தக் கட்டடத்தின் வயதைச் சொன்னார். பழைய மர வரிசைக்கும் புதியதற்கும் நடுவில் விழுந்திருந்த இடைவெளியை, அரிசோனாவின் ஷோ லோவில் கிடைத்த ஒரு கருகிய மரத்துண்டு இணைத்தது.

இன்னொரு செய்தியையும் சொல்லாமல் போக மனமில்லை. ஓர் அறையில் நூற்றுக்கும் மேற்பட்ட உருளைச் சாடிகள் அடுக்கி வைத்தபடியே கிடைத்தன. அத்தகைய சாடிகளின் ஓடுகளில் சாக்லேட்டுக்கு மூலமான ககாவோவின் தடயம் இருப்பதை ஆய்வாளர் பட்ரீசியா கிரௌன் குழுவினர் 2009-இல் கண்டறிந்தார்கள். ககாவோ விளைவது தெற்கே, மெக்சிகோவுக்கும் அப்பால் நீளும் வெப்ப நாடுகளில். அங்கிருந்து இந்த வறண்ட மண் வரைக்கும் ஒரு பானம் நடந்தே வந்திருக்கிறது.

பின்சுவருக்குப் போனால் பாறைக் குவியல். மலையிலிருந்து பிரிந்து நின்ற ஒரு பெரும்பாறை, ஏறக்குறைய 30,000 டன், 1941 ஜனவரியில் சாய்ந்து பல அறைகளை நொறுக்கிவிட்டது. கட்டியவர்களுக்கு அந்த ஆபத்து தெரிந்தே இருந்தது. பாறையின் அடியில் முட்டுச்சுவர் எழுப்பினார்கள். பின்னால் பிரார்த்தனைக் குச்சிகளை வைத்தார்கள். அவர்கள் போய் எண்ணூறு ஆண்டுகள் வரை பாறை பொறுத்திருந்தது.

இந்த ஊரைக் கட்டியவர்களை 'அனசாசி' என்று நெடுங்காலம் எழுதினார்கள். அது நவஹோ சொல். பழைய பகைவர் என்ற பொருளும் அதற்கு உண்டு. வழித்தோன்றல்களான ஹோப்பி, சுனி, ஆக்கோமா மக்களில் பலருக்கு அந்தச் சொல் பிடிக்காது. 'மர்மமாக மறைந்த இனம்' என்ற வர்ணனை அதைவிடப் பெரிய அநியாயம். முற்றத்தின் நிழலில் பேரனோடு உட்கார்ந்திருந்த ஆக்கோமாப் பாட்டி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "இங்கிருந்து கிளம்பிப் போனோம் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். அழிந்தோம் என்று யாரும் சொன்னதில்லை" என்றார். அவர் சத்தம் போட்டுப் பேசவில்லை. வீட்டுத் திண்ணையில் பேசுவது போலிருந்தது.

உள்ளறைகள் ஒன்றுக்குள் ஒன்றாகத் திறக்கின்றன. வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், முதல் வாசலில் நின்றால் கடைசி அறையின் வெளிச்சம் தெரியும். நான் ஒவ்வொரு வாசலிலும் தலையைக் குனிந்து நுழைந்துகொண்டிருந்தேன். பேரன் என்னைத் தாண்டி, எங்கும் குனியாமல், கடைசி அறை வரை ஓடினான்.

"மெல்லப் போடா" என்பதைத்தான் பாட்டி தன் மொழியில் சொல்லியிருக்க வேண்டும். பிறகு என்னைப் பார்த்து, எங்கள் ஊருக்கும் வாருங்கள், மேட்டின் உச்சியில் இருக்கிறது என்றார்.

(அடுத்து: ஆக்கோமா)