வோல்ட் இருக்கிறது, கரண்ட் இல்லை



ஆஸ்திரேலியாவில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் போனில் பேசினான். ஒரு வேனைச் சின்ன வீடுபோல மாற்றி, குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறானாம். "சார், வேன் கூரையில சோலார் பேனல் இருக்கு, வெயிலும் கொளுத்துது. பேட்டரில மட்டும் சார்ஜ் ஏறவே மாட்டேங்குது" என்றான். சேலையூரில் எங்கள் வீட்டுக்கும் 2024 அக்டோபரில் இதே நோய்தான் வந்தது. அவனிடம் சொன்னதை உங்களுக்கும் எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 91 வயது. படுத்த படுக்கைதான். தானாகப் புரண்டு படுக்க முடியாது. புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை போட்டிருக்கிறோம். ஒரு சின்ன பம்பு அதன் அறைகளில் மாற்றி மாற்றிக் காற்றை நிரப்பும். அந்த பம்புக்கு 10 வாட்கூட வேண்டாம், ஆனால் நிற்கக் கூடாது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. வீட்டு இன்வெர்ட்டர் முதல் நாளே படுத்துவிட்டது. மெத்தை சப்பையாகிவிட்டது. நானும் என் மனைவியும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்தோம். அப்படியும் இடுப்பில் ஒரு புண் வந்தது. ஆற நாற்பது நாள் ஆயிற்று.

அதன் பிறகுதான் அம்மா அறைக்கென்று தனியாக 150 வாட் பேனல் ஒன்று, 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, நடுவில் ஒரு சார்ஜ் கன்ட்ரோலர் என்று வைத்தோம். வெயிலை மட்டுமே நம்பிய ஏற்பாடு. பருவமழைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு ராத்திரி இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்தியது. பேட்டரி 11.6 வோல்ட். மறுநாள் நல்ல வெயிலிலும் அது ஏறவில்லை.

பார்க்க வந்த தம்பி, கன்ட்ரோலரிலிருந்து பேனல் ஒயரைக் கழற்றி மீட்டரை வைத்தார். 21 வோல்ட். "பேனல் சூப்பரா இருக்கு சார். பேட்டரிதான் செத்துப்போச்சு. புதுசுக்கு 15,000 ஆகும்" என்றார். நாளை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

என்னிடம் பிளஸ் ஒன், பிளஸ் டூ படித்தவர்களே, மின்னியக்கு விசைக்கும் முனை மின்னழுத்தத்துக்கும் என்ன வித்தியாசம்? எத்தனை முறை கேட்டிருப்பேன்! வோல்ட் மீட்டர் கிட்டத்தட்ட மின்னோட்டமே எடுக்காது. அதனால் வழியில் எவ்வளவு மோசமான இணைப்பு இருந்தாலும் அதற்குத் தெரியாது. அடைப்புள்ள குழாயிலும், திறக்காதவரை அழுத்தம் முழுதாகத்தான் இருக்கும். திறந்தால்தான் சொட்டுவது தெரியும். (இந்த விதியை 1827-இல் புத்தகமாகப் போட்ட ஓம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர்தான். எங்கள் ஜாதி!)

ஆக, குழாயைத் திறக்க வேண்டும். கேம்ப் ரோட்டில் ஒரு மெக்கானிக்கிடம் 12 வோல்ட், 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு இரண்டு வாங்கித் தொடர் இணைப்பில் கட்டினேன். ஒன்று மட்டும் போட்டால் பேனல் வோல்ட்டுக்குத் தாங்காது. கீழே, கன்ட்ரோலருக்கு வரும் ஒயரில் மாட்டினேன். துளிக்கூட வெளிச்சமில்லை. மீட்டரில் 21 இருந்தது 1 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தது. சரி, பேட்டரி இன்னும் குற்றவாளி இல்லை. பேட்டரியைத் தொடவே இல்லையே!

அடுத்து பேனல் பக்கம். அது தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருக்கிறது. "ஏணியில கால் வச்சீங்கன்னா பாருங்க" என்று மனைவி வாசற்படியில் நின்றுவிட்டாள். தம்பி மகன் ஏறினான். முதலில் பேனலைக் கறுப்புப் போர்வையால் மூடச் சொன்னேன். வெயிலில் மின்சாரம் ஓடும்போது இணைப்பைப் பிடுங்கினால் நேர்மின்சாரம் விடாமல் பொறி விடும், கை வெந்துபோகும். பேனலின் சொந்த ஒயரில் பல்புகளை மாட்டிப் போர்வையை எடுத்தான். "பெரியப்பா, கண்ணு கூசுது!"

பேனலும் நல்லது. மிச்சம் நடுவில் உள்ள ஒயரும் அதன் கனெக்டரும்தான். ஒரு கனெக்டர் 'கிளிக்' என்று பூட்டாமல் பாதியில் நின்றிருந்தது. போன மழையில் அதற்குள் தண்ணீர் இறங்கி, உள்ளே செம்பு பச்சையாகப் பூத்து, ஓரம் கருகியிருந்தது. புது ஜோடி 100 ரூபாய்க்குள் கிடைத்தது. மாட்டியதும் 7 ஆம்பியர் ஓடியது.

பேட்டரிக்குச் சேதமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஈய அமிலப் பேட்டரியை அரைகுறை சார்ஜில் விட்டால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிவிடும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினோம். நாலு நாள் வெயிலில் அமிலத்தின் அடர்த்தி 1.17-லிருந்து 1.24-க்கு வந்தது. ஒரு மாதம் அப்படியே கிடந்திருந்தால் அந்தத் தம்பி சொன்னது உண்மையாகவே ஆகியிருக்கும்.

நவம்பர் 30, ஃபெஞ்சல் அன்று காலையில் போன கரண்ட் மறுநாள்தான் வந்தது. வெயில் சுத்தமாக இல்லை. பேட்டரி 12.3-க்கு இறங்கியது, பம்பு ஓடியது. அம்மா நன்றாகத் தூங்கினாள். நான்தான் மீட்டரோடு உட்கார்ந்திருந்தேன்.

வேன்காரனுக்கு ஒரு வார்த்தை: வண்டி குலுங்கும், உன் கூரைக் கனெக்டரை முதலில் பார். அது தரையில் கிடக்காமல், பேனலுக்கு அடியில் தூக்கிக் கட்டு. பல்பு எரிகிறதா என்று எனக்குப் போட்டோ அனுப்பு.