ஓசை அடங்கினால் போதுமா?

ஹைதராபாத் வெளிவட்டச் சாலையோரம் 2023ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 23 கிலோமீட்டர் சைக்கிள் பாதைக்கு நம் புதல்வனை அழைத்துச் செல்ல எண்ணினோம். அவனுடைய மலைச் சைக்கிளின் முன் டிஸ்க் பிரேக்கோ ஓயாமல் உரசிற்று. நாம் ரயில்வே குமாஸ்தா, யந்திரம் அறிந்தவரல்லோம். பிரேக் கம்பியைத் தளர்த்தினோம், ஓசை அடங்கிற்று. தெருச் சரிவில் வண்டிதான் நிற்கவில்லை! பையன் காலை ஊன்றித் தப்பினான். நம் நெஞ்சோ நெடுநேரம் படபடத்தது.

மறுநாள் பணிமனைத் தோழர் ஒருவர் விளக்கினார். ரயில்வேயின் எல்.எச்.பி. பெட்டிகளிலும் இதே முறைதான். அச்சிலுள்ள தகட்டை இருபுறமும் கட்டைகள் பற்றும். பிடியை விட்டபின் இருபுறமும் சிறு இடைவெளி இருத்தல் வேண்டும்.

அவர் சொற்படி, சக்கரம் தன் இருப்பில் நேரே அமர்ந்துள்ளதா என்று முதலில் பார்த்தோம். கம்பியைப் பழையபடி இறுக்கினோம். காலிபரின் இரு போல்ட்டுகளையும் தளர்த்தி, பிரேக் பிடியை அழுத்தியவாறே மாற்றி மாற்றி முறுக்கினோம். அசையாத கட்டையை அதன் திருகால் மயிரிழையளவு விலக்கினோம். எண்ணெய்க் கை தகட்டில் படாமல் காத்தோம். சக்கரம் ஓசையின்றிச் சுழன்றது; பிடித்ததும் நின்றது.

அன்பர்களே, பழுது பார்த்த வண்டியைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்குமுன், நாமே ஒருமுறை ஓட்டி நிறுத்திப் பார்ப்போமாக.