காவிரிக் கரையில் ஒரு மதியத் தூக்கம்!

நைட் ஷிஃப்ட் முடித்து விடிகாலையில் படுத்தாலும் எனக்குத் தூக்கம் வராது. கை தானாகவே போனைத் தேடும். போன மாதம், தூக்கக் கலக்கத்தில் ஒரு செய்தியில் ஊர்ப் பெயரையே மாற்றிப் போட்டுவிட்டேன். "ரெண்டு நாள் லீவு போட்டுட்டு எங்கேயாவது போய்த் தூங்கும்மா" என்றார் சீனியர் அக்கா. அப்படித்தான் குளித்தலையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன்.

பக்கத்திலேயே தண்ணீர்ப்பள்ளி. அங்கே, காவிரிக் கரை மரங்களுக்கு நடுவே இருக்கிறது சாந்திவனம். பிரான்ஸிலிருந்து வந்த குருவானவர் ஜூல்ஸ் மோன்ஷனினும் துறவி ஹென்றி லெ சோவும் 1950-ல் தொடங்கிய கிறிஸ்தவ ஆசிரமம் இது. 1968-ல் இங்கு வந்த ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ், 1993-ல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். ஆலயம் நம் ஊர்க் கோயில் பாணியில் இருக்கிறது. ஜெபத்தில் பைபிளோடு உபநிடதமும் ஒலிக்கிறது.

மதிய ஜெபமும் சாப்பாடும் முடிந்ததும் ஆசிரமமே அடங்கிவிட்டது. சும்மா இருக்க எனக்குக் கூச்சம். "ஏதாவது வேலை இருக்கா, பிரதர்?" என்றேன். "இருக்கே... போய்ப் படுங்க" என்று சிரித்தார்.

சாந்திவனத் துறவிகள் புனித பெனடிக்ட் மரபைச் சேர்ந்தவர்கள். 6-ம் நூற்றாண்டில் அவர் இத்தாலியில் எழுதிய ஒழுங்குநூலின் 48-வது அத்தியாயம் உழைப்பைப் பற்றியது. சோம்பலைக் கண்டித்துத்தான் தொடங்குகிறது. ஆனால், கோடையில் மதிய உணவுக்குப்பின் துறவிகள் அமைதியாகப் படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்பதும் அதே அத்தியாயத்தில்தான் இருக்கிறது. படிக்க விரும்புகிறவர், தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் படிக்க வேண்டுமாம்!

பைபிளிலும் அப்படித்தான். உயிருக்குப் பயந்து ஓடிய எலியா, "இனி நான் சாகலாம்" என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிடுகிறார். வந்த தேவதூதர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. எழுப்பி அப்பமும் தண்ணீரும் தருகிறார். மறுபடி தூங்க விடுகிறார். அதன்பிறகுதான் எலியாவுக்கு 40 நாள் நடக்கத் தெம்பு வருகிறது. இயேசுவோ, புயலில் ஆடும் படகிலேயே தலையணையில் தலைவைத்துத் தூங்கியவர். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறவரால்தான் அப்படித் தூங்க முடியும்.

போனை அணைத்துவிட்டுப் படுத்தேன். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. எழுந்து போனைப் பார்த்தால், எல்லாச் செய்திகளும் நான் இல்லாமலே ஏறியிருந்தன. மனசு கொஞ்சம் வலித்தது. அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது.

திருச்சி - கரூர் பஸ்ஸிலோ ரயிலிலோ குளித்தலைக்கு வந்துவிட்டால், ஆசிரமத்துக்கு ஆட்டோவில் போய்விடலாம். தங்க நினைப்பவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.

அதுவரை, இன்று இரவாவது போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுத் தூங்குங்களேன்!