போடிமெட்டுக்கு டூர் போறீங்களா? குட்டிப் பிள்ளையை யார் பார்த்துப்பாங்க?

காலை 6 மணி. போடிநாயக்கனூரிலிருந்து மலைக்குப் போகும் சாலையில் இரண்டு விதமான வண்டிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கும். ஒன்று, மதுரை, திருச்சி, சென்னைப் பக்கமிருந்து வரும் கார்கள். பின் சீட்டில் அம்மா மடியில் குழந்தை தூங்கும். இன்னொன்று, ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிச்செல்லும் ஜீப்புகள். தூக்குவாளி, கம்பளிச் சட்டை, தலையில் கட்டிய துண்டு என எல்லாம் இருக்கும். குழந்தை மட்டும் இருக்காது.

கார்க்காரர்கள் பிள்ளையோடு மலையேறுகிறார்கள். ஜீப்புக்காரர்கள் பிள்ளையை விட்டுவிட்டு மலையேறுகிறார்கள். ஆனால் இரண்டு வண்டியிலும் இருக்கும் அம்மாக்களுக்கு அன்றைய கேள்வி ஒன்றுதான்: 'பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?'

ரயில் வந்த பிறகு...

போடி இப்போது குடும்பங்களுக்குச் சுலபமான ஊராகிவிட்டது. 1928-ல் வந்த மதுரை - போடி மீட்டர் கேஜ் ரயில், அகலப்பாதைப் பணிக்காக 2010-ன் இறுதியோடு நிறுத்தப்பட்டது. 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூன் 15 முதல் போடி வரையும் ரயில் மறுபடி ஓடத் தொடங்கியது. அன்றே சென்னை சென்ட்ரலிலிருந்து வாரம் மூன்று நாள் இரவு ரயிலும் அறிமுகமானது. கைக்குழந்தையோடு பஸ்ஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

போடியிலிருந்து கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில் முந்தல் அடிவாரம் தாண்டினால் மலைப்பாதை ஆரம்பம். மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவுகள். நாலாவது வளைவிலேயே பின் சீட்டிலிருந்து 'அம்மா, வயித்தப் பெரட்டுது' என்று குரல் வரும். கிளம்பும் முன் பால் புகட்டுவதைத் தவிர்த்து, ஏறும்போது இரண்டு இடத்தில் நிறுத்திக் காற்று வாங்கினால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். உச்சியில் போடிமெட்டு. தமிழ்நாடு முடிந்து கேரளத்தின் இடுக்கி தொடங்கும் இடம். வாசனையே சொல்லிவிடும், இனி ஏலக்காய் நாடு என்று.

சூரிய உதயமும் இரண்டு வயதுப் பிள்ளையும்

சிக்கல் அறை எடுத்த பிறகுதான் தொடங்கும். இந்தப் பக்கம் வருகிறவர்கள் தவறவிடக் கூடாது என்று நினைப்பது கொழுக்குமலைச் சூரிய உதயம். கொழுக்குமலை இருப்பது தேனி மாவட்டம் போடி வட்டத்தில். ஆனால், ஜீப் பாதை கேரளத்தின் சூரியநெல்லி வழியாகத்தான். விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். குலுக்கி எடுக்கும் கற்பாதை, உறைய வைக்கும் குளிர். பத்து வயதுப் பையன் குதித்துக்கொண்டு வருவான். இரண்டு வயதுப் பிள்ளையை அந்த ஜீப்பில் ஏற்றுவது சரியில்லை.

குரங்கணி பக்கம் நடைப்பயணம் என்றால் இன்னும் கவனம் தேவை. 2018 மார்ச் 11 அன்று நடந்த காட்டுத் தீயில் 23 பேர் உயிரிழந்த மலை அது. வனத்துறை அனுமதி இல்லாமல் யாரும் ஏறக் கூடாது. குழந்தைகளோடு ஏறும் எண்ணமே வேண்டாம்.

அப்போதுதான் வரவேற்பறையில் அந்தக் கேள்வி எழுகிறது: 'மூணு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்க ஆள் கிடைக்குமா?'

வெளிநாட்டு தீம் பார்க் ஹோட்டல்களில் இது பழகிப்போன சேவை. அமெரிக்காவின் டிஸ்னி வேர்ல்டு ஹோட்டல்களில் பிள்ளைகளை மாலையில் விட்டுப்போகத் தனி மையங்களே இருந்தன. அவை ஒவ்வொன்றாக மூடப்பட, இப்போது வெளி நிறுவனங்களின் ஆட்களை மணிக்கணக்கில் பணம் கொடுத்து அறைக்கு வரவழைக்கிறார்கள். நம் ஊரில் மதுரை பரவையில் இருக்கும் 'அதிசயம்' மாதிரியான பார்க்குகளுக்குப் போகும்போது இந்தத் தேவையே வராது. பாட்டியும் கூட வருவார். ராட்டினத்தில் ஏற உயரம் பத்தாத பேரனைப் பிடித்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருப்பார். நம் குடும்பங்களின் பேபி சிட்டிங் சர்வீஸ் அவர்தான்.

பாட்டி வராத டூரில்தான் ஹோட்டலைக் கேட்க வேண்டியிருக்கிறது. பெரிய ரிசார்ட்டுகளில் குழந்தைகளுக்கு விளையாட்டு அறை இருக்கும். மலைச்சரிவில் இருக்கும் சின்னத் தங்கும் விடுதிகளில் அப்படி எதுவும் இருக்காது. 'நாங்க பார்த்துக்கிறோம் சார், நீங்க போயிட்டு வாங்க' என்ற பதில்தான் வரும். அந்த 'நாங்க' யார் என்று கேட்பவர்கள் குறைவு. பெரும்பாலும் அது அறை கூட்டும் அக்காவோ, சமையலில் உதவும் அம்மாவோதான். அவருக்கும் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கலாம்.

ஆயா என்றொரு வேலை

அடுத்தவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இந்த வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. 'ஆயா' என்ற சொல்லே போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்தது. வெள்ளைக்காரக் குடும்பங்கள் கப்பலில் ஊருக்குப் போகும்போது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இந்தியப் பெண்களையும் அழைத்துப் போனார்கள். லண்டன் சேர்ந்ததும் சிலரைத் திரும்பி வர வழியில்லாமல் விட்டுவிட்டதும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் தங்க லண்டனில் 'ஆயாக்கள் இல்லம்' இருந்தது. ஹாக்னி பகுதியில் அது இயங்கிய கட்டடத்துக்கு 2022-ல் நினைவுப் பலகை வைத்தார்கள்.

தோட்டங்களில் ஆயா வேறு மாதிரி. இலங்கை மலையகத்தில் கொழுந்து எடுக்கும் பெண்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் இடத்துக்குப் 'பிள்ளை மடுவம்' என்று பெயர். இந்தியாவில் 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் கட்டாயம் என்றது. பெண் தொழிலாளர்களின் பிள்ளைகள் 20 பேர் இருந்தாலும் காப்பகம் வேண்டும் என்று பின்னர் சேர்க்கப்பட்டது. தேயிலை, காபி, ரப்பரோடு ஏலத்தோட்டமும் இந்தச் சட்டத்துக்குள் வந்தது.

ஆனால், ஏலத்தோட்டங்களில் பல சிறியவை. ஒரே தோட்டத்தில் 50 பெண்கள் என்ற கணக்கு அங்கே வராது. பெரிய தேயிலை எஸ்டேட்போல லயத்தில் குடியிருந்து வேலை பார்க்காமல், தினம் ஜீப்பில் ஏறி இறங்கும் பெண்களுக்கு மலை மேல் காப்பகம் இருந்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது கஷ்டம்.

கஷ்டம் என்பது சின்ன வார்த்தை. ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிப் படரும் சரத்தில் காய்க்கும். காய் எடுக்கும் பெண் நாள் முழுக்கக் குனிந்தோ, தரையில் உட்கார்ந்தோதான் பறிக்க வேண்டும். காய் எடுப்பு மும்முரமாகத் தொடங்குவது மழைக்காலத்தில். காலில் அட்டை ஏறும். செடிகளுக்கு அடிக்கடி மருந்தடிப்பார்கள். ஜீப்பில் உட்கார இடம் கிடைப்பதே சிரமம். மரத்தில் சேலைத் தொட்டில் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு வேலை பார்க்கும் இடம் இல்லை அது.

அம்மாச்சி ஷிஃப்ட்

எனவே, பிள்ளைகள் போடியிலேயே இருக்கிறார்கள். 'ஜீப்பு வந்துருச்சு, புள்ளயப் பாத்துக்கம்மா' என்று அம்மாச்சியிடமோ, அப்பத்தாவிடமோ கொடுத்துவிட்டு ஓடுவதுதான் இங்கே பல வீடுகளின் காலை. இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கு அங்கன்வாடி இருக்கிறது. ஆனால், ஜீப் கிளம்பும் நேரத்துக்கு அங்கன்வாடி திறந்திருக்காது. அது மூடும் நேரத்துக்கு ஜீப் திரும்பியிருக்காது. முன்னும் பின்னும் மிச்சமாகும் அந்த மணி நேரங்களைத் தாங்குவது வயதான பெண்கள்தான். அவர்களில் பலர் ஒரு காலத்தில் அதே மலைக்கு ஜீப் ஏறியவர்கள். முட்டி தேய்ந்து, மலை ஏற முடியாமல் போனபோது பேரப்பிள்ளை கைக்கு வந்தது. இந்த வேலைக்குச் சம்பளமும் இல்லை, லீவும் இல்லை.

அம்மாச்சி இல்லாத வீட்டில் மூத்த பெண் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வேண்டிவரும். சில அம்மாக்கள் மலை வேலையை விட்டுவிட்டு, ஊருக்குள்ளேயே ஏலக்காய் தரம் பிரிக்கும் குடோன் வேலைக்குப் போவார்கள். இந்தப் பெண்கள் பறித்த காய்தான் போடியில் நடக்கும் நறுமணப் பொருள் வாரிய ஏலத்துக்கு வந்து, நாடு முழுக்கப் பாயசத்திலும் டீயிலும் மணக்கிறது.

வேலைக்குப் போகும் அம்மாக்களின் 6 மாதம் முதல் 6 வயது வரையிலான பிள்ளைகளுக்காக, 2022 முதல் மத்திய அரசின் 'பால்னா' காப்பகத் திட்டம் இருக்கிறது. ஜீப் நேரத்துக்குத் திறந்து ஜீப் நேரத்துக்கு மூடும் காப்பகம் ஒன்று அடிவாரத்தில் இருந்தால், பல அம்மாச்சிகளுக்கு மதியம் கொஞ்சம் படுக்க நேரம் கிடைக்கும்.

டூர் போகும் பெற்றோர் கவனத்துக்கு...

* அறை பதிவு செய்யும்போதே கேளுங்கள்: பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார், விடுதி ஊழியரா, வெளி ஆளா? அவரைப் பற்றி விடுதி விசாரித்திருக்கிறதா?

* அவரோடு பிள்ளை அரை மணி நேரமாவது உங்கள் கண் முன்னால் பழகட்டும். பிள்ளை விடாமல் அழுதால் திட்டத்தை மாற்றுங்கள். சூரியன் நாளைக்கும் உதிக்கும்.

* பூட்டிய அறையில் ஒருவரோடு தனியாக விடுவதைவிட, வரவேற்பறை போல நாலு பேர் கண்ணில் படும் இடம் நல்லது.

* சாப்பாடு, மருந்து, அலர்ஜி விவரங்களைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மலை மேல் எல்லா இடத்திலும் போன் சிக்னல் கிடைக்காது. எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

* அவசரத்துக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098. தமிழ்நாடு, கேரளம் இரண்டு பக்கமும் இதே எண்கள்தான்.

* தம்பதியாகப் போனால் முறை வைத்துக்கொள்ளலாம். இன்று ஒருவர் கொழுக்குமலை, நாளை இன்னொருவர். செலவில்லாத வழி இதுதான்.

* பார்த்துக்கொண்டவருக்குத் தனியாகப் பணம் கொடுங்கள். விடுதி பில்லில் சேர்த்திருந்தால், அது அவர் கைக்குப் போகிறதா என்று கேளுங்கள். அது அவருடைய வழக்கமான வேலைக்கு மேலே செய்த வேலை.

மாலையில் மலை இறங்கும்போது காலையில் பார்த்த ஜீப்புகளும் கூடவே இறங்கும். முந்தல் தாண்டி ஊருக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு தெரு முனையிலும் ஒருவர், இருவராக இறங்கிக்கொள்வார்கள். அங்கே இடுப்பில் பிள்ளையோடு ஒரு அம்மாச்சி நிற்பார். ஜீப் நிற்கும் முன்பே பிள்ளை அம்மாவிடம் தாவும். ஏலக்காய்க் கறை படிந்த கையைச் சேலையில் துடைத்துவிட்டுத்தான் அவர் பிள்ளையை வாங்குவார்.