பின்பக்கச் சுவர்

“சார் எப்போ வருவாரு மேடம்?”

வீட்டுக்கு வெளியே பூச்சு வேலையும் பெயின்ட்டும் பார்க்க வந்த கான்ட்ராக்டர், வாசலில் நின்று கேட்ட முதல் கேள்வி இதுதான். சார் ஓசூரில் வேலை பார்க்கிறார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார், எதுவானாலும் என்னிடம் பேசுங்கள் என்றேன். “சரிங்க மேடம்” என்று தலையாட்டிவிட்டு, அடுத்த நிமிடமே “சார் வந்ததும் ரேட் பேசிக்கலாம்” என்றார்!

தாம்பரம் தாண்டி இருக்கிறது எங்கள் வீடு. 1996-ல் மாமனார் கட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் பின்பக்கச் சுவர் ஓதம் இழுத்து, உள்ளே படுக்கையறைச் சுவரில் உப்பு பூத்துவிட்டது. அது மாமியாரின் அறை. அவருக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு. அந்தக் குளிர்காலம் முழுக்க ராத்திரியில் அவர் இருமும் சத்தத்தில் நானும் தூங்கியதில்லை. மார்ச் மாதம் ஒருநாள் காலை, பின்பக்க சன்ஷேடிலிருந்து கான்கிரீட் ஒன்று பெயர்ந்து துவைக்கிற கல்லின் மேல் விழுந்தது. பத்து நிமிடம் முன்புதான் நான் அங்கே நின்று துவைத்துக்கொண்டிருந்தேன்.

இருபது மாதமாகக் கட்டிய சீட்டை ஏப்ரலில் எடுத்தேன். பள்ளிக்கூட டீச்சர் சம்பளத்தில் பிடித்துப் பிடித்துக் கட்டிய பணம். கான்ட்ராக்டர் 2,15,000 கேட்டார். நான் பேரம் பேசி 1,90,000-க்குக் கொண்டுவந்தேன். அன்று எனக்கு அது பெரிய வெற்றியாகத் தெரிந்தது.

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எல்லாவற்றையும் எழுதினேன். விரிசலை அகலக் கீறி அடைப்பது, சன்ஷேடு மூன்று, பிரைமர் ஒரு கோட், எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட். அட்வான்ஸ் 60,000; பாதி வேலையில் 60,000; பெயின்ட் ஆரம்பிக்கும்போது 40,000; வேலை முடிந்து ஒரு வாரம் கழித்து மீதி 30,000. “இதெல்லாம் எதுக்கு மேடம், நம்பிக்கைதானே?” என்று சிரித்தார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் மாதம் சாரம் கட்டினார்கள். ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சன்ஷேடு வேலையை அருமையாகச் செய்தார்கள். வயதான கொத்தனார் ஒருவர், தட்டிப் பார்த்து ‘டொக் டொக்’ என்று சத்தம் வந்த இடத்தையெல்லாம் கொத்தி எடுத்தார். உள்ளே கம்பி துருவேறி உப்பியிருந்தது. “கம்பி துருப் புடிச்சா ஊதும்மா. ஊதுனா கான்கிரீட்டைப் பொளந்து தள்ளிடும். சும்மா மேல சிமென்ட்டை அப்புனா அடுத்த வருசம் மறுபடி வுழும்” என்று பாடமே எடுத்தார். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, மருந்து அடித்து, பிறகுதான் பூசினார். ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரம் தண்ணீர் ஊற்றியது நானும் மாமியாரும்தான்.

பிறகு பெயின்டர்கள் வந்தார்கள். முன்பக்கச் சுவர் மூன்றே நாளில் பளபளவென்று ஆகிவிட்டது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பின்பக்கத்தில் பக்கத்து வீட்டு காம்பவுண்டுக்கும் எங்களுக்கும் நடுவே மூன்றடி சந்துதான். சாரம் கட்டுவதும் கஷ்டம், யார் கண்ணிலும் படாது. நான் ஸ்கூலுக்குப் போய்த் திரும்பிய ஒரே நாளில் அந்தச் சுவர் முடிந்திருந்தது. ‘பரவாயில்லையே, இவ்வளவு வேகமா’ என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் எல்லோருக்கும் டீ கொடுத்தேன். கடைசியாக டம்ளரை வைக்க வந்த சித்தாள் பெண், சமையலறை ஜன்னல் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னாள்: “அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. பின்னாடி செவுத்துக்கு பிரைமர் அடிக்கல. சொரண்டவும் இல்ல. பெயின்ட்டும் ஒரே கோட்டுதான். அந்த ரூம்லதானே பாட்டி படுக்குறாங்க?”

நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டாள்.

அன்று ராத்திரி எனக்குக் கோபத்தைவிட பயம்தான் அதிகமாக இருந்தது. கான்ட்ராக்டரைக் கேட்டால் முதலில், “யார் சொன்னது?” என்பார். பின்பக்கம் வேலை செய்தது மூன்று பேர். இரண்டு பேர் அவருடைய சொந்தக்காரப் பையன்கள். யாரைச் சந்தேகப்படுவார் என்று யோசிக்கவே வேண்டாம். அவளுடைய தினக்கூலி என் வாயில் இருந்தது.

கணவருக்கு போன் செய்தேன். “ஞாயித்துக்கிழமை நான் வந்து பேசுறேன்” என்றார். ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் சாரத்தைப் பிரித்துவிடுவார்களே! யூடியூபில் தேடிக்கொண்டே இருந்தபோது செலோடேப் சோதனை ஒன்று கிடைத்தது. காய்ந்த பெயின்ட் மேல் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று பிய்க்க வேண்டும். பிடிப்பு இருந்தால் டேப் சுத்தமாக வரும்.

அடுத்த நாள் லீவு போட்டேன். கான்ட்ராக்டர் வந்ததும், “என் தம்பி சிவில் இன்ஜினீயர். டேப் ஒட்டிப் பார்க்கச் சொன்னான்” என்றேன். என் தம்பி பேங்கில் கிளார்க். அவனும் நானும் பேசி ஒரு மாதம் ஆகியிருந்தது!

முதலில் முன்பக்கம் ஒட்டினேன். டேப் சுத்தமாக வந்தது. அவர் முகத்தில் ஒரு பெருமை. பிறகு, “அந்தப் பக்கமும் பார்த்துடலாம்” என்று சந்துக்குள் நுழைந்தேன். பின்பக்கச் சுவரில் டேப்பைப் பிய்த்ததும், பெயின்ட் பாலாடை மாதிரி மொத்தமாக உரிந்து வந்தது. அடியில் பழைய சுண்ணாம்பு மாவு மாதிரி கையில் ஒட்டியது.

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு திரும்பி, சந்து முனையில் நின்ற ஆட்களைப் பார்த்தார். “ஆளுங்க தப்பு பண்ணிட்டாங்க மேடம். யாருன்னு விசாரிக்கிறேன்.”

அவள் தலை குனிந்து மணல் சலித்துக்கொண்டிருந்தாள்.

“யாருன்னு எனக்கு வேண்டாம்” என்றேன். குரல் நடுங்கியது அவருக்குத் தெரிந்திருக்கும். “சொரண்டிட்டு நோட்டுல எழுதியிருக்கிற மாதிரி அடிச்சுக் குடுங்க. முப்பதாயிரம் ரெடியா இருக்கு.”

“இந்த ரேட்டுக்கு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பண்ணா எனக்கு என்ன மேடம் நிக்கும்?” என்றார், முதன்முறையாகச் சிரிக்காமல்.

அந்தக் கேள்வி இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது. நான் குறைத்த 25,000-ல்தான் அந்தச் சுவரின் பிரைமர் போயிருக்குமோ? இருக்கலாம். ஆனால், கட்டுப்படியாகாது என்று பேரத்தின்போதே சொல்லியிருக்கலாம் அல்லவா? கையெழுத்துப் போட்டுவிட்டு, வயதானவர் படுக்கிற அறையின் சுவரிலா கழித்துக்கொள்வது?

நான்கு நாள் எடுத்து, சுரண்டி, விரிசல் அடைத்து, பிரைமர் காய்ந்த பிறகு இரண்டு கோட் அடித்தார்கள். அந்த நான்கு நாளும் நான் அரை நாள் லீவு. டேப் ஒட்டிப் பார்த்தேன். ஒரு வாரம் கழித்து 30,000-ஐ எண்ணிக் கொடுத்தேன். சாரக் கயிறுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைப் பற்றி அவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அவருக்குப் பொறி தட்டிவிடும் என்று விழுங்கிவிட்டேன். அவளும் என் பக்கம் திரும்பவே இல்லை. (இதை எழுதும்போதும் சில அடையாளங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.)

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. விடிய விடிய மழை. காலையில் மாமியாரின் அறைக்குப் போய் சுவரில் உள்ளங்கையை வைத்து, மேலிருந்து கீழ் வரை தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. “என்னடி, சுவத்துக்கு ஜுரமா பாக்குற?” என்றார் மாமியார், போர்வைக்குள்ளிருந்து.

அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. போனை எடுத்தேன். என்னிடம் இருந்தது கான்ட்ராக்டரின் நம்பர் மட்டும்தான்.