எங்கள் காலத்துப் பகிடி

மூத்த மகனுக்குப் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த அன்று வீடு பெருநாள் போல இருந்தது. 2023 ஆம் ஆண்டு அது. எனக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் பொறியியல் பீடத்துக்குத் தெரிவான பிள்ளை அவன்தான், அல்ஹம்துலில்லாஹ். இராச் சாப்பாட்டு வேளையில் நான் பழைய கதைகளை அவிழ்த்து விட்டேன். 1984 இல் நான் நுழைந்தபோது சிரேஷ்ட மாணவர்கள் எனக்குச் சூட்டிய பட்டப் பெயர், மேசை மேல் ஏறி நின்று வானொலிச் செய்தி வாசித்தது, நடுச்சாமத்தில் தலையில் ஊற்றிய சேற்றுத் தண்ணீர்... பிள்ளைகள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

"ரெண்டு மூணு கிழமைதான் மகன். பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தா பிறகு அவங்கதான் ஒன்ட உயிர்க் கூட்டாளிமார்" என்றேன்.

போன மகன் முதல் மாதம் வீட்டுக்கே வரவில்லை. தொலைபேசியில் இரண்டு சொல்லுக்கு மேல் பேசவில்லை. பழைய பட்டன் போன் ஒன்று இருந்தால் அனுப்பும்படி கேட்டான். அண்ணன்மார் போனை வாங்கிப் பார்ப்பார்களாம். "அவன்ட குரல் சரியில்ல" என்று மனைவி சொன்னாள். படிப்புக் கூடியிருக்கும் என்று நான் அடக்கி விட்டேன்.

ஐந்தாவது வாரம் வந்தான். மஃரிபுக்குப் பள்ளிக்குப் போனோம். இருபது வயதுப் பிள்ளை கதிரையில் அமர்ந்து தொழுதான். ஸுஜூதுக்குக் குனிய அவனால் முடியவில்லை. வீட்டில் கேட்டதற்கு, "ஒன்டுமில்ல உம்மா, பந்தடிச்ச வலி" என்றான். சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போகிறது என்பதை இரவு அவனுடைய தம்பிதான் எங்களிடம் வந்து சொன்னான்.

வைத்தியசாலையில் இருந்த டொக்டர் ஓர் இளம் பெண். காய்ச்சலா, அடிபட்டதா என்று எதுவும் கேட்கவில்லை. "தம்பி கெம்பஸா? எத்தனை டிப்ஸ்?" என்றார். மகன் என்னைப் பார்த்து விட்டுத் தலையைக் குனிந்தான். "நூத்தம்பதுக்குப் பிறகு எண்ணல்ல டொக்டர்."

அவர் என்னை வெளியே அழைத்து விளக்கினார். பழக்கமில்லாத உடம்பை அளவுக்கு மிஞ்சி வருத்தினால் தசைநார்கள் சிதைந்து, அவற்றிலுள்ள ஒரு புரதம் இரத்தத்தில் கலக்கும். அதை வடிகட்டப் போய்ச் சிறுநீரகம் செயலிழக்கும். சிறுநீர் கறுப்பதுதான் எச்சரிக்கை. நேரத்தோடு சேலைன் ஏற்றினால் பெரும்பாலும் காப்பாற்றலாம், தாமதித்தால் உயிரே போகலாம். 1997 இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பொறியியல் பீட மாணவர் பகிடிவதைக்குப் பின் சிறுநீரகம் செயலிழந்துதான் மரணித்தார். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் வாசித்தவன் நான். என் மகனின் சிறுநீரோடு அதைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

நான்கு நாள் வார்ட்டில் இருந்தான். அந்நாட்களில்தான் வாய் திறந்தான். பட்டப் பெயரைத் தவிர சொந்தப் பெயரால் கூப்பிடக் கூடாது. குறித்த நிறச் சட்டைதான் உடுக்க வேண்டும். மறுப்பவனோடு சக மாணவர்கள் பேசக் கூடாது, அவனுக்குக் குறிப்புகள் கொடுக்கக் கூடாது, பரீட்சை நேரத்துக் குப்பி வகுப்பில் இடமில்லை. அடியை விட இந்த ஒதுக்கல்தான் அவனைக் கட்டிப் போட்டிருந்தது. மாணவிகள் பக்கம் அடி குறைவு, வாய் அதிகம். உடுப்பு, தலைமுடி பின்னும் விதம் எல்லாமே அக்காமார் சொற்படிதான் என்று என் சகோதரியின் மகள் பிற்பாடு சொன்னாள்.

"ஏன்டா எங்களுக்குச் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"நீங்கதானே வாப்பா பல்லைக் கடிக்கச் சொன்ன."

1998 இன் 20 ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ விளைந்தால் பத்து வருடம் வரை. உடம்பில் கை படாவிட்டாலும், மன வேதனையும் பயமும் ஏற்படுத்துவதே அதில் குற்றம்தான். எங்கள் காலத்தில் இந்தச் சட்டம் இல்லை. ஆனால் பட்டப் பெயர் சூட்டிப் பரிகசிப்பதைத் தடுக்கும் ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11 ஆவது வசனம் இருந்தது. தொழுகையை விடாத நாங்களும்தான் அந்த விடுதியில் சிரித்துக் கொண்டிருந்தோம். 1975 இல் பேராதனை இராமநாதன் விடுதியில் பகிடிவதைக்குத் தப்ப மாடியிலிருந்து குதித்து உடல் செயலிழந்த மாணவியின் கதையும் எங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது.

முறைப்பாடு செய்ய மகன் முதலில் சம்மதிக்கவில்லை. வைத்திய அறிக்கையின் பிரதியோடு மாணவ ஆலோசகரை நானே சந்தித்தேன். விசாரணை நடந்தது, இருவர் இடைநிறுத்தப்பட்டார்கள். அதன்பின் மகனோடு எவரும் பேசாத மாதங்கள் இருந்தன. தினமும் இஷாவுக்குப் பிறகு அவனோடு அரை மணி நேரம் பேசுவேன். புத்தி சொல்லுவதில்லை, சோறு என்ன கறி என்ன என்பது மாதிரிப் பேச்சுத்தான். ஒரு நாள், சிங்கள மாணவன் ஒருவன் விடுதிக் கதவுக்கடியால் கணிதக் குறிப்புகளைத் தள்ளி விட்டுப் போனதாகச் சொன்னான். அன்றிரவுதான் அவனுடைய உம்மா நிம்மதியாகத் தூங்கினாள்.

விடுமுறைக்கு வந்தபோது, "வாப்பா, நீங்களும் யாருக்கும் செஞ்சீங்களா?" என்று கேட்டான்.

சாப்பாட்டு மேசையில் நான் ஒருபோதும் சொல்லாத கதை ஒன்று உண்டு. இரண்டாம் வருடத்தில், திக்கித் திக்கிப் பேசும் ஒரு கிராமத்துப் பையனை மேசை மேல் ஏற்றி, நான் வாசித்த அதே வானொலிச் செய்தியை வாசிக்க வைத்தேன். மூன்றாம் நாளும் வைத்தேன். அந்த வார இறுதியில் ஊருக்குப் போனவன் திரும்பி வரவேயில்லை. அவன் ஏன் வரவில்லை என்று எங்களில் எவரும் தேடவுமில்லை.

மகனுக்கு அதைச் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அவர்ட பேரென்ன வாப்பா?" என்று கேட்டான்.

நாங்கள் வைத்த பட்டப் பெயர்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.